எட்வின் பாஸ் வாசித்துக் காட்டிய வாக்குமூலம்

தச்சுத் தொழிலாளி எட்வின், எங்கள் ஊரில் தச்சரை அழைக்கும் வழக்கப்படி எட்வின் பாஸ், கடந்த செவ்வாய்க்கிழமை காலை மட்டக்களப்பு வைத்தியசாலையில் காலமானார். தொலைபேசியில் சொன்னவர் அவருடைய மனைவி மெகி அக்கா. மறுநாள் இறப்பு அறிவித்தலையும் பார்த்தேன். சிறுநீரகம் செயலிழந்ததாக அதில் இருந்தது. வாவியின் இரு கரையிலும் அவர் செய்த கதவுகளும் கட்டில்களும் பல வீடுகளில் இருக்கின்றன. ஆகவே அவரைத் தெரிந்தவர்கள் இதை வாசிப்பார்கள். அவர்களிற் பலருக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். அவர் ஐம்பத்தாறு வயதில் ஆங்கில இலக்கணம் படிக்கத் தொடங்கினார்.

ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் என்றால் ஆங்கிலம் தெரியும் என்பது எங்கள் ஊரின் பழைய பிழை. பறங்கியரான எட்வின் பாஸ் வீட்டில் பேசியது முன்னோர் விட்டுப்போன போர்த்துக்கேயம், வெளியில் மட்டக்களப்புத் தமிழ். சிறு வயதிலேயே பாடசாலையை விட்டுத் தகப்பனின் பட்டறைக்குப் போனவர். ஆங்கிலத்தில் அவருக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஆனால் அந்தப் பெயரையும் பூனைக்கண்ணையும் பார்த்த எவரும் அவரிடம் கேட்டு உறுதிப்படுத்தவில்லை. அவரும் இல்லையென்று சொல்லவில்லை.

சுனாமி அவருடைய வீட்டையும் பட்டறையையும் கொண்டுபோனது. மனைவியும் ஒரே மகன் டொமினிக்கும் தப்பினார்கள். அவர்கள் தங்கியிருந்த பாடசாலைக்கு ஒரு வெள்ளைக்காரர் உதவி செய்ய வந்தபோது, சனம் எட்வின் பாஸைப் பிடித்து முன்னுக்குத் தள்ளியது. "நீங்க கதைங்ககா பாஸ். உங்கட ஆக்கள்தானே" என்றார் ஒருவர். வெள்ளைக்காரர் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் "யெஸ்" என்று தலையாட்டினார். இரண்டு கிழமையில் ஒரு லொறி வந்தது. அது நிறையப் பனி நாட்டுக் கம்பளிக் கோட்டுகள். "பாஸ், இதப் போட்டுக்கிட்டு வள்ளத்தில போனா மீனெல்லாம் பயந்து கரைக்கு வந்திரும்" என்று ஒரு பெண் சொல்ல, முகாமே சிரித்தது. அவரும் சிரித்தார். பெயர் போடாமல் நானும் எங்கள் பத்திரிகையில் அதைச் சின்னச் செய்தியாக எழுதினேன்.

போரின் கடைசிக் காலத்தில் ஒருநாள், ஏறாவூரில் ஒரு தளபாடப் பட்டறைக்கு வேலைக்குப் போன டொமினிக் திரும்பி வரவில்லை. அவன் போன சைக்கிளும் கிடைக்கவில்லை. வாக்குமூலம் கொடுக்கத் தகப்பன் போனபோது நானும் காணாமற்போனோரைப் பதியும் அலுவலகத்தின் வாசல்வரை போனேன். உள்ளே விடமாட்டார்கள். தமிழ் தெரிந்த எழுதுவினைஞர் அன்று விடுமுறை. அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டுச் சொல்ல, இன்னொருவர் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தாராம். முடிவில், தமிழ் தெரிந்த ஆள் வரும் நாளில் வந்து கையொப்பம் வைக்கிறீர்களா, அல்லது நீங்களே வாசிப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நானே வாசிப்பேன் என்று சொல்லிக் கையொப்பம் வைத்துவிட்டார்.

வெளியே வந்தவரிடம், "வாசிச்சீங்களா பாஸ்?" என்று கேட்டேன்.

"ஓம். வாசிச்சன்."

கம்பளிக் கோட்டின் கதை தெரிந்தவன் நான். கையிலிருந்த பிரதியை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் பிளேன்டீ குடிக்கப் போனோம்.

போர் முடிந்தபின் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில். அதை அவர் யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ரியூட்டரியில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளோடு கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். படிப்பித்த செல்வி டீச்சருக்கு அப்போது இருபத்துநாலு வயது. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குக் கதிரை செய்யப் போவதாகவும் அதற்கு ஆங்கிலம் வேண்டுமென்றும் அவரிடம் பொய் சொன்னார். டீச்சர் அவருக்குச் சலுகை காட்டவில்லை.

"வீட்டுவேலை எங்க பாஸ்?"

"கட்டில் வேலை கூடிப்போச்சு டீச்சர்."

"ரமேசும் அதைத்தான் சொல்லுறான். அவனுக்கும் கட்டில்லதான் வேலை. நீங்க கொப்பிய எடுங்க."

எழுவாய், பயனிலை என்று தொடங்கி, ஒரு வசனத்தில் யார் என்ன செய்தார் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு எட்டு மாதம் எடுத்தது. "சட்டத்த முதல்ல நிறுத்தோணும் தம்பி. பலகை மறுகா அடிக்கலாம்" என்று வினைச்சொல்லைப் பற்றி என்னிடம் சொன்னார்.

ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். வாக்குமூலப் பிரதியை மேசையில் விரித்தார். "நான் வாசிச்சுத் தமிழில சொல்லுறன். பிழையெண்டா நிப்பாட்டுங்க."

விரலை வைத்து, சொல் சொல்லாக வாசித்தார். அன்று காலை தகப்பனுக்கும் மகனுக்கும் தர்க்கம் நடந்தது. மகன் கட்டார் போகும் விருப்பத்தைப் பல தடவை தெரிவித்திருந்தார். அவர் தம் சொந்த விருப்பின் பேரில் வீட்டைவிட்டுச் சென்றார். வெளிநாட்டில் இருப்பதாகத் தகப்பன் நம்புகிறார். கீழே அவருடைய கையொப்பம். ஓர் இடத்திலும் நான் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. பிழை இருக்காதா என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

"வாள தீட்டாம வெச்சதுக்கு ஏசினன், அது உண்ம. கட்டார் போறனெண்டு சொல்லித் திரிஞ்சவன், அதுவும் உண்ம" என்றார். "நான் சொன்னதெல்லாம் இதில இருக்கு தம்பி. ஆனா நான் சொன்னது இதில்ல."

வந்திருந்த கடிதமும் அதைத்தான் சொன்னது. வெளிநாடு சென்றவரைக் காணாமற்போனவராகப் பதிய முடியாது, தேடுதலும் இல்லை.

திருத்தம் கேட்டு நான் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணா. கையெழுத்து வெச்சது நான்" என்றார். அவரே எழுதினார். பதில் வரும், மூலப்பிரதி கேட்பார்கள், சாட்சி கேட்பார்கள், வேறு அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்வார்கள். மறுபடியும் எழுதுவார். ஒரு தடவைகூட எவரும் டொமினிக்கைப் பற்றி எதையும் கேட்கவில்லை.

வீட்டிலும் அவருக்கு ஆறுதல் இருக்கவில்லை. மெகி அக்காவுக்கு அந்தப் பிரதிதான் நம்பிக்கை. "மகன் வெளிநாட்டிலயெண்டு கவுண்மேந்தே எழுதித் தந்திருக்கு. இந்த மனிசன் அத அழிக்கச் சொல்லிக் கடுதாசி போடுது" என்று என்னிடம் முறையிட்டிருக்கிறார். அதைக் கேட்டதும் எட்வின் பாஸ் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது, முதற் கடிதத்துக்கு அவர் பென்சிலால் எழுதிப் பார்த்த கொப்பித்தாள். ஆறு வசனங்கள். தமிழில் இப்படி வரும்: என் மகன் வெளிநாடு போகவில்லை. அவன் வேலைக்குப் போனான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. வெட்கத்தால் தெரியும் என்று சொன்னேன். பிழை என்னுடையது. அவனைத் தேடுங்கள்.

விண்ணப்பதாரர் இறந்துவிட்டதால் திருத்த விண்ணப்பம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அலுவலக எழுதுவினைஞர் நேற்று என்னிடம் சொன்னார். தொடர வேண்டுமானால் மனைவி ஒரு படிவத்தில் கையொப்பமிட வேண்டும். படிவத்தை வாங்கிக்கொண்டு போய், மெகி அக்காவுக்குத் தமிழில் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

"இதில வெச்சா, புள்ள கட்டார்ல இல்லயெண்டு நானும் சொல்லுறதா தம்பி?"

"ஓம் அக்கா."

"வெக்காட்டி?"

"ஃபைலை மூடிருவாங்க. பாஸ் முதல்ல வெச்ச கையெழுத்துத்தான் நிக்கும்."

படிவத்தை மடித்துத் தன் பைபிளுக்குள் வைத்தார். இதை எழுதும்வரை கையொப்பம் வைக்கப்படவில்லை. கடைசி நாள் இம்மாத இறுதி வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.