உயரம் எழுதாத கடிதம்

அந்தமானில், புரோத்ராபூரில் நாங்கள் குடியிருந்தபோது, மெயின்லேண்டுக்கே திரும்பிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து என் கணவர் பழைய கைத் தையல் மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். கம்பெனிப் பெயர் தேய்ந்து அழிந்திருந்தது. கூட வந்த டப்பாவில் ஓர் ஊசியும் நிறையத் துருவும் இருந்தன.

அந்தச் சமயம் போர்ட் பிளேரில் பெண்களுக்குத் தையல் பள்ளி தொடங்கி, டீச்சர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். அவரவர் மெஷினைக் கொண்டுபோய், கர்சீப் ஓரத்தைச் சன்னமாகச் சுருட்டித் தைத்துக் காட்ட வேண்டும். அதற்கு ஹெம்மர் என்ற சின்ன இரும்புக் கால் உண்டு. ஊசிக்குப் பக்கத்தில் மாட்டினால் துணியை அதுவே சுருட்டிக் கொடுக்கும். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். நாலு சுவருக்குள் சோறு பொங்கிப் பொங்கி அவ்வளவு அலுத்திருந்தேன்.

கடைகளில் ஹெம்மர் இல்லை. மதராசிலிருந்த அண்ணனுக்கு எழுதினேன். பெயர் தெரியாத மெஷினுக்கு எதைக் கேட்பது? அதிலிருந்த சாதாரணக் காலைக் கழற்றி, காகிதத்தில் நிறுத்தி, அடிப்பாகத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

கப்பல் போய், கப்பல் வந்து, ஹெம்மரும் வந்தது. அகலம் சரி, திருகாணி சரி. ஆனால் முழுக்க இறக்கியும் அது துணியைத் தொடவில்லை. என் மெஷினுக்கு உயரமான கால் வேண்டுமாம். உயரத்தை நான் எழுதவே இல்லை.

"விடு, அடுத்த ஜஹாஜ்ல வந்துடும்," என்றார் கணவர். தீக்குச்சியை அந்த உயரத்துக்கு ஒடித்து, கடிதத்தில் வைத்து அனுப்பினேன். கடல் மோசமென்று மதராசிலிருந்து கப்பல் கிளம்பவில்லை. அதற்குள் பரீட்சை நாள் வந்துவிட, விரலாலேயே மடித்துத் தைத்தேன். இரண்டு இடத்தில் கோணிக்கொண்டது. வேலை வேறொருத்திக்குப் போனது.

ஒரு வாரத்தில் அவளே மெஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"தீதி, பரீட்சைக்கு ஹெம்மரை இரவல் வாங்கினேன், திருப்பிக் கேட்டுட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு பேக்காரா, சும்மா கெடக்குதாமே?"

என் கணவர் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார், புண்ணியவான். இல்லையென்று சொல்ல வாய்வரை வந்தது, ஆனால் பொய் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. நானே அவள் மெஷினில் திருகி மாட்டினேன். துணியைத் தொட்டு அழகாக உட்கார்ந்தது.

எனக்கான ஹெம்மர் அடுத்த கப்பலில் வந்தது. தீக்குச்சி அளவுக்குக் கச்சிதம். ஒரே ஒரு கர்சீப் தைத்தேன். ஓரம் நூல் பிசகவில்லை. அதை யாரிடம் காட்டுவது? ஆபீசிலிருந்து வேர்த்து வந்த கணவரிடம் முகம் துடைக்கக் கொடுத்துவிட்டு, உலை வைக்கப் போனேன்.