தேரைக்காக நின்ற வண்டி

வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கிய ஒரு மாலையில், மார்த்தாண்டத்திலிருந்து திற்பரப்பு மகாதேவரைத் தொழுவதற்காக வில்வண்டியில் சென்றேன். வண்டிக்காரரின் பெயரை நான் கேட்கவில்லை. ஒடுங்கிய முகம், நனைந்த தலைத்துண்டு. பாதையில் தேரையைக் கண்ட இடமெல்லாம் அவர் வண்டியை நிறுத்தி இறங்கி, அதை இரு கைகளாலும் எடுத்து ஓரமாக விட்டுவந்தார்.

“தவளைக்காகவா நிற்கிறீர்?” என்றேன்.

“தவளையில்ல அய்யா, தேரையாக்கும். தவளை எம்பிக் குதிச்சுப் போவும். இதுக்குத் தத்தத்தான் தெரியும், சக்கரத்துக்கு விலகாது. முதுகெல்லாம் சொறி, கண்ணுக்குப் பொறத்தால ரெண்டு தடிப்பு, பாத்தியளா? நோவிச்சா அதில பால் கசியும். புதுமழைக்கு முட்டையிடக் குளத்துக்குப் போவுது, பாவம்.”

“கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் இறைவன்” என்று மகிழ்ந்து சொன்னேன்.

அவர் மாட்டின் முதுகைத் தடவியபடி சொன்னார்.

“எனக்க மக மெலிஞ்சுகிட்டே போனா. தேரை தொட்ட பிள்ளை இப்பிடித்தான் மெலியும்னு ஊரில சொன்னாவ. முற்றத்தில கண்ட தேரையையெல்லாம் அடிச்சுக் கொன்னேன். பின்னயும் மெலிஞ்சுதான் செத்துப்போனா. தேரைக்குப் படியளக்கியவன் அவளுக்கு ஏன் அய்யா அளக்கல்ல?”

கற்ற பதிகங்கள் அனைத்திலும் விடை தேடினேன். அதற்குள் அடுத்த தேரைக்காக வண்டி நின்றுவிட்டது.

இன்றும் வழிபாட்டில் பதிகம் பாடும்போது தேரை என்னும் சொல் வருமிடத்தில், என் குரல் அந்த வண்டியைப் போல நின்று, பின்பே நகர்கிறது.