தவறான மேசையில் ஒரு தேநீர்

டோனட் கடையில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும்: ஆட்களின் பெயர் மறந்துபோகும், யாருக்கு எத்தனை சீனி என்பது மட்டும் மறக்காது. தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் எனக்கு வாய்த்தது பொலிஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடை. காற்சட்டை முழுக்கச் சீனிப்பொடியோடு எங்கள் ஆட்கள் நெருங்கி வாழ்ந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீடுகளுக்கு நடந்தவர்களில் நானும் ஒருவன். அந்த நாட்களில் அங்கே இருந்திருந்தால் நீங்களும் என்னைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பீர்கள்.

எந்த இந்தியன்?

டோரீன் கனடாவின் வடக்கிலிருந்து பஸ்ஸில் வந்தவள். ஒரு கப் ரீ வாங்கும்போது, "நீ இந்தியனா?" என்று கேட்டாள். "இல்லை, சிலோன். நீங்கள்?" என்றேன். "நான் இந்தியன்" என்றாள். எனக்குக் குழப்பம். மெட்ராஸா, பம்பாயா என்று மரியாதையாக விசாரித்தேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இந்த மண்ணின் ஆதிக்குடிகள் நாங்கள். யாரோ ஒரு மாலுமி இந்தியா என்று நினைத்து வழிதவறி வந்து வைத்த பெயர் இது. எங்களுக்கும் தொல்லை, உங்களுக்கும் தொல்லை."

வருவாள், இருந்து பார்

ரொறன்ரோவுக்கு வந்திருந்த அவளுடைய தங்கையைக் காணவில்லை. ஊரில் தாயோடு விட்டுவந்த தன் மகளுக்கு ஞாயிறு தவறாமல் போன் எடுப்பவள், திடீரென்று நிறுத்திவிட்டாள். "குடித்துவிட்டு எங்காவது கிடப்பாள், வருவாள்" என்றார்களாம் பொலிஸ் நிலையத்தில். பிரையன் என்ற டிடெக்டிவின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். எப்போது போனாலும் அவர் வெளியே.

யாழ்ப்பாணத்தில் என் அக்காவின் மகனை ஆமி பிடித்துக்கொண்டு போனபோது, "இயக்கத்துக்குப் போயிருப்பான்" என்றுதான் ஆமிக் காம்ப் வாசலில் சொன்னார்கள். இதை நான் டோரீனுக்குச் சொன்னதும், உள்ளே மா பிசைந்துகொண்டிருந்த செல்வம் தலையை நீட்டினான். "அண்ணை, உவங்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்திலதான் படிச்சவங்கள் போல!"

மேசை

எங்கள் கடையில் மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஒரு மத்தியானம் ரீக்குச் சொல்லிவிட்டு, டோரீன் மூலையில் இருந்த போனில் தாயோடு பேசப் போனாள். யன்னலோர மேசையில் சிவப்பு மீசைக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். கறுப்புக் கோப்பி, சீனி இல்லை. வெளியே போன பொலிஸ்காரன் ஒருவன், "பிறகு பார்ப்போம், பிரையன்" என்றான். என் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. பொலிஸோடு கொளுவக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனாலும் அவளுடைய ரீயைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன்.

"இது என்னுடையதல்ல" என்றார். "ஓம், அந்த அம்மாவினுடையது. உங்களைத்தான் தேடுகிறா" என்றேன். டோரீன் வந்து, ரீயைப் பார்த்து, அவரைப் பார்த்து, எதிரே உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் போன்களைப் பற்றிச் சொன்னாள். மனிதர் சிவந்துபோனார். "மகள் இருப்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லையே!" கோப்பியைப் பாதியில் விட்டு, அவளை அழைத்துக்கொண்டு வீதியைக் கடந்தார்.

அதற்கு முன் டோரீன் சொன்ன பதில் கடை முழுக்கக் கேட்டது. "ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் கோப்பி குடிக்கப் போயிருந்தீர்கள்."

கறுப்பு அரிசி

பனி உருகியபோது டோரீன் திரும்பி வந்தாள். தங்கை வேறோர் ஊரின் பிரேத அறையில், பெயரில்லாமல், முன்பனிக் காலத்திலிருந்தே கிடந்திருக்கிறாள். கொலை. தேடிக் கேட்க யாரும் போகவில்லை. கடைசியில் பிரையன் போயிருக்கிறார். கொன்றவன் பிடிபடவில்லை. ஆனால் உடலை ஊருக்குக் கொண்டுபோய், மகள் பார்க்க அடக்கம் செய்துவிட்டார்களாம். எனக்கு ஒரு பை அரிசி தந்தாள், அவர்களுடைய ஏரியில் விளைந்தது. "அண்ணை, கறுப்பாக் கிடக்கு, கஞ்சிக்குச் சரிவருமோ?" என்றான் செல்வம். சரிவந்தது. அக்காவின் மகனை நினைத்துக்கொண்டு குடித்தேன். அவனுக்காக எந்த மேசையில் போய் எதை வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனாலும் ஒருத்தியாவது வீடு போய்ச் சேர்ந்தாள் என்ற நன்றி என்னிடம் இருக்கிறது.

அன்று அவளுக்கு ரீ ஊற்றிக் கொடுத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்றைக்கு எந்த மேசையில் வைக்கப் போகிறாய்?"

ஓடரை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கியே காலம் போன என் தொழிலில், ஒருவரும் திட்டாத ஒரே பிழை அதுதான்.