சட்டைப்பையில் பேரீச்சம்பழம்

கூத்தாநல்லூர் மினிபஸ் ஓட்டுநருக்குச் சர்க்கரை உண்டு. ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தாடி. டாக்டரிடம் கேட்டுத்தான் நோன்பு வைப்பார். "நோன்பு மாசம் வந்தா உடம்பே லேசாயிடுதுங்க" என்பார். ஆனாலும் சட்டைப்பையில் பேரீச்சம்பழம் இருக்கும். அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அன்று மாலை வயல்களுக்கு நடுவே திடீரென்று வண்டியை ஓரங்கட்டினார். கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பழங்களை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

முன்சீட்டில் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தானே பாய் இருக்கு?"

"சர்க்கரை இறங்கிடுச்சு. நோன்பை இன்னொரு நாள் புடிச்சுக்கலாம்ங்க. பின்னாடி இத்தனை பேரு உக்காந்திருக்காங்கள்ல."

நடுக்கம் நின்ற பிறகுதான் சாவியைத் திருகினார். ஊர் எல்லையைத் தொட்டபோது, பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. இவ்வளவு கிட்டத்தில் வந்து நோன்பு போய்விட்டதே என்று எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. அவர் நிதானமாக கியர் மாற்றினார்.