இரண்டேகால் மணி நடை

மருத்துவமனையின் சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை, அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர் சொன்னால்தான் உண்டு. அங்கே இருபத்திரண்டு வருஷமாகத் துணி மடித்துவந்தவளை எல்லாரும் மடிப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். பதிவேட்டில் இருந்த சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

வேலை காலை ஐந்து மணி முதல் மதியம் ஒரு மணி வரை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு முனை. ஓர் உதறல், ஓர் இழுப்பு, பிறகு எதிரெதிரே நடந்துவந்து ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை. அப்படி மடிக்கிற இரண்டு பேரை அங்கே ஜோடி என்பார்கள். மடிப்பக்காவுக்குப் பதினொரு வருஷமாக ஒரே ஜோடி. வாயாடி. அவள் பேச ஆரம்பித்தால் இயந்திரமே சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்கும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அந்த ஜோடி, பார்வை இல்லாத தன் அக்காவோடு வேறு வீட்டுக்குக் குடிமாறினாள். அன்று தொடங்கியது அழைப்பு.

“ஒரு நாள் வாயேன். தண்ணி டேங்க் தாண்டி இடது பக்கம். மூணாவது சந்து. பச்சை கேட்டு. ரெண்டு படி ஏறினா கதவு. பெல் வேலை செய்யாது, தள்ளிட்டு உள்ள வந்துடு.”

“வரேன் வரேன்.”

“எங்க வர? தண்ணி டேங்க் தாண்டி எந்தப் பக்கம், சொல்லு பாப்போம்.”

“ஐயோ, இடது பக்கம். மூணாவது சந்து. போதுமா?”

விரிப்பின் முனையைக் கொடுக்கும்போதெல்லாம் இதே பாட்டுதான். மடிப்பக்கா போகவில்லை. ஒரு மணிக்கு வெளியே வந்தால் கண் சொருகும், கால் கெஞ்சும். கணவர் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்ப் பன்னிரண்டு வருஷமாயிற்று, மகள் வேறொரு ஊரில் வேலையில் இருந்தாள். வீட்டுக்குப் போனால் கேட்பாரில்லை. போட்டிருந்த நீல மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நான்கு மணி வரை தூங்குவாள்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஜோடிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் இறந்துபோனாள். அன்று மேலிருந்து இறங்கிய வண்டியில் அவள் படுத்திருந்த விரிப்பு எது என்று தெரியாமலே மடிப்பக்கா எல்லாவற்றையும் மடித்தாள். மருத்துவமனையிலிருந்து நேராக அடக்கத்துக்குப் போய்விட்டதால் அப்போதும் அந்த வீட்டை அவள் பார்க்கவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான் மகள் ஒரு கைப்பட்டையை அனுப்பினாள். கருப்பு ரப்பர், சின்னத் திரை. எத்தனை அடி நடக்கிறோம், எவ்வளவு தூங்குகிறோம் என்று எண்ணிப் போனுக்கு அனுப்பும். அந்தக் கணக்கு மகளின் போனிலும் தெரியும்.

“டாக்டர் நடக்கச் சொன்னாரில்ல? நீ நடக்கறியா இல்லையான்னு நான் இங்க இருந்தே பாத்துக்குவேன்” என்றாள் மகள்.

“பள்ளிக்கூடத்துல உன்னை நான் இப்படிப் பாத்திருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்ப” என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டிக்கொண்டாள். குளிக்கும்போது மட்டும் கழற்றிச் சார்ஜில் போடுவாள். மணி பார்க்க வசதியாக இருந்தது, கட்டை விரலால் தட்டினால் அலாரம் நின்றது. ஒரு வாரத்தில் அது கையிலிருப்பதே மறந்துபோனது.

ஒன்றரை மாதம் கழித்து மகள் போனில் கூப்பிட்டுப் பாராட்டினாள். “பரவாயில்லையேம்மா! அநேகமா தினமும் ரெண்டேகாலுக்குக் கிளம்பிடற போல. போக வர மூவாயிரம் அடி. ஆனா ஏன் இந்த உச்சி வெயில்ல நடக்கற?”

“ரெண்டேகாலுக்கா? நான் தூங்கிட்டிருப்பேன்டி.”

“சும்மா சொல்லாதம்மா. இங்க தெளிவா இருக்கு.”

மடிப்பக்கா தன் போனைத் திறந்து பார்த்தாள். பச்சை நிறத்தில் சின்னச் சின்னத் தூண்கள். காலையில் சலவைக்கூடத்தில் நடந்தது ஒரு கூட்டம். பிறகு வெறுமை. இரண்டேகாலுக்கு மறுபடி ஒரு தூண், மூன்று மணிக்கு இன்னொன்று. நேற்றும் அப்படி. அதற்கு முந்தின நாளும்.

மறுநாள் போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் பட்டையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு எழுந்து சாலைவரை போய்வந்தார். தான் வாய்விட்டு எண்ணியதும் திரையில் வந்ததும் ஒன்றாகவே இருந்தன.

“பட்டையில ஒண்ணும் கோளாறு இல்லக்கா. புரண்டு படுத்தா பத்து இருபது ஏறும். மூவாயிரம் ஏறாது.” தாடையைச் சொறிந்துகொண்டார். “போன் எப்பவும் உங்ககூட இருக்குமா?”

“இந்த அங்கிப் பாக்கெட்டுலதான். தூங்கும்போதும்.”

“அப்ப ஒண்ணு ஆன் பண்ணி வெக்கறேன். நடந்த வழி மேப்புல கோடா விழும். ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க.”

வெளியே வந்தபோது பழக்கடைக்காரர் வழிமறித்தார். “என்னக்கா, எம்மேல ஏதாவது கோவமா? தினமும் மத்தியானம் இந்த வழியா போறீங்க, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்க.”

நல்ல வெயில். சாலையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மடிப்பக்கா மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டாள்.

“தனியாவா போறேன்?” என்று கேட்டாள். எதற்காக அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே புரியவில்லை.

“தனியாத்தான். ஆனா யார்கிட்டயோ பேசறமாதிரி உதடு மட்டும் அசையும்.”

அன்று மதியம் தூங்கக் கூடாது என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் விழித்தபோது மணி நான்கு. கட்டிலில் படுத்திருந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இடையில் ஒரு தூறல் போட்டிருக்க வேண்டும். வாசலோரம் கிடந்த செருப்புகள் நனைந்திருந்தன.

போனை எடுத்துப் பார்த்தாள். வரைபடத்தில் ஒரு நீலக் கோடு அவள் வீட்டிலிருந்து புறப்பட்டு, இரண்டு இடத்தில் திரும்பி, ஒரு புள்ளியில் போய் நின்றது. அங்கே முப்பத்தைந்து நிமிடம். பிறகு அதே கோட்டின்மேல் பிசகாமல் திரும்பி வந்திருந்தது. அச்செடுத்தாற்போல மறுநாளும் அதே கோடு, அதே புள்ளி.

மூன்றாம் நாள், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் முகத்தைக் கழுவிக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பழக்கடையைத் தாண்டினாள். கார்கள் கழுவுமிடத்தைத் தாண்டினாள். அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. ஆனால் நடைபாதையில் மூடியில்லாத ஒரு குழியைக் கண் பார்க்குமுன் கால் சுற்றிக்கொண்டு போனது. அதன்பிறகு போனைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பார்க்காமலே வழி தெரிந்துவிடுமோ என்ற பயம்.

தலைக்குமேல் பெரிய தண்ணீர்த் தொட்டி வந்தது. கோடு இடப்பக்கம் திரும்பியது.

அங்கேயே நின்றுவிட்டாள். தண்ணி டேங்க் தாண்டி எந்தப் பக்கம், சொல்லு பாப்போம். அந்தக் குரல் காதுக்குள் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மூணாவது சந்து. பச்சை கேட்டு. ரெண்டு படி.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளுவதா தட்டுவதா என்று அவள் தயங்குவதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டே போலிருக்கே.”

உள்ளே ஒரே அறை. கொடியில் துணிகள் காய்ந்தன. கட்டிலில் அறுபது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பார்வை சுவரின்மேல் எங்கோ இருந்தது. கையிலிருந்த பட்டன் போனை அழுத்தினாள். ‘நேரம், ஒன்று, நாற்பத்தாறு’ என்றது போன். அவள் எழுந்து, கொடியிலிருந்த விரிப்பைத் தடவி எடுத்து, இரண்டு முனைகளை மடிப்பக்கா நிற்கும் இடத்துக்குச் சரியாக நீட்டினாள்.

மடிப்பக்காவின் கைகள் தாமாகவே வாங்கிக்கொண்டன. உதறல். இழுப்பு. எதிரெதிரே நடந்து வந்தார்கள். முனையைக் கொடுக்கும்போது விரல்கள் பட்டன. இதற்குமேல் தாங்க முடியாமல் மடிப்பக்கா வாயைத் திறந்தாள்.

“அக்கா, நான் உங்க தங்கச்சிகூட வேலை பாத்தவ.”

அந்தப் பெண் விரிப்பைக் கீழே விடவில்லை. அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“பேசிட்டீங்களே” என்றாள்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். தங்கை போய் இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், அவள் வருவதுபோலவே கதவு திறந்தது. செருப்பைப் படியின் வலப்பக்கம் கழற்றும் சத்தம். அங்கியில் அதே சோப்பு வாசனை. வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை, கொடியிலிருந்த துணியை எடுத்து முனையை நீட்டினாள். தங்கை வேலையிலிருந்து வந்ததும் செய்வது அதுதான். எல்லாவற்றையும் மடித்து அடுக்கிவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள்.

“மூணு மாசம் ஆச்சு. யாருன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. கேட்டா அவ இல்லேன்னு தெரிஞ்சுடுமேன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். அப்பப்ப நீங்க ஏதோ முணுமுணுப்பீங்க. இடது பக்கம், மூணாவது சந்துன்னு. அவ என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்ச வழி. அதைக் கேட்டதும் அவளேதான்னு முடிவு பண்ணிட்டேன்.”

மடிப்பக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கத்தில் நடந்ததையும், பட்டையையும், நீலக் கோட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். “மன்னிச்சுடுங்கக்கா. எனக்கு எதுவுமே தெரியாது. இப்பவும் ஒண்ணும் ஞாபகமில்ல.”

“நீங்க என்ன பண்ணுவீங்க? ஒரு நாள்கூடத் தவறாம வந்தீங்க. பெத்த பிள்ளைகூட அப்படி வராது.”

“ஒரு நாள்கூடவா?”

“ஞாயித்துக்கிழமைகூட. போன வாரம் செவ்வாய்க்கிழமை பெரிய போர்வையை மடிச்சோமே. அதுக்கே கை வலி எடுத்துடுச்சு.”

மடிப்பக்கா போனைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமையின் தூண்களைப் பார்த்தாள். ஆள் குறைவென்று அன்று அவளை மாலை ஏழு வரை சலவைக்கூடத்திலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். கைரேகை வைத்து உள்ளே போனது ஐந்து மணிக்கு, வெளியே வந்தது ஏழு மணிக்கு. இரண்டேகாலுக்கு அவள் உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தாள். புது ஜோடி எதிரே நின்று விரிப்பைப் பிடித்திருந்தாள். விரலால் தள்ளித் தள்ளி மற்ற வாரங்களையும் பார்த்தாள். அப்படி மாலைவரை நின்ற நாட்கள் மொத்தம் ஆறு.

சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அறையில் காற்றே இல்லை, ஆனாலும் கொடியில் மிச்சமிருந்த துண்டு ஒன்று லேசாக அசைந்தது. ஜன்னலோரம் இருக்கும் துணி அசையத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“செவ்வாய்க்கிழமை நான் வரலக்கா” என்றாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. போன் தப்பாக் காட்டலாம்.”

“போனை விடுங்க. அன்னைக்கு நான் வேலையில இருந்தேன். அது எனக்கே தெரியும்.”

“அந்த மாதிரி எத்தனை நாள்?”

“பட்டை கட்டின பிறகு ஆறு நாள்.”

“ஆறு” என்றாள் அந்தப் பெண். மடித்த விரிப்பைக் கட்டிலில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டினாள். இறுகியிருந்த முகம் தளர்ந்தது. “ஆறு நாளா?” என்று இன்னொரு தடவை கேட்டாள். அது கேள்வியாக இல்லை. பசித்தவள் சாப்பாட்டு வாசனையை இழுப்பதுபோல அந்த எண்ணை வாயில் வைத்துக்கொண்டாள்.

மடிப்பக்கா மீதித் துணிகளையும் மடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். படியில் இறங்கியதும் செருப்பைத் தேடினாள். செருப்புகள் படியின் வலப்பக்கம் இருந்தன.

மகளிடம் பாதியைத்தான் சொன்னாள். அந்தப் பாதிக்கே அவள் பதறிப்போய் வந்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். இறந்தவளுக்குக் கடன்பட்ட மனசு தூக்கத்தில் காலைக் கிளப்பியிருக்கும் என்றார் டாக்டர், மாத்திரை கொடுத்தார். மத்தியானத் தூக்கத்தை நிறுத்தச் சொன்னார். அத்துடன் தூக்கத்தில் நடப்பது நின்றுபோனது.

ஆனால் இரண்டேகால் நடை நிற்கவில்லை. இப்போது விழித்த கண்ணோடு போகிறாள். பழக்கடைக்காரரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அக்காவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறாள். பட்டன் போனில் தன் எண்ணை முதல் பொத்தானில் பதிந்துகொடுத்திருக்கிறாள். ஒன்றை அழுத்திப் பிடித்தால் போதும். அந்த அறையில் இப்போது நல்ல பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. சலவைக்கூடத்துக் கதைகளை அக்கா திரும்பத் திரும்பக் கேட்பாள்.

தினமும் மாலையில் ஒரு தடவை அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும்.

“நாளைக்கு வருவீங்களா?”

பெரும்பாலும் வருகிறேன் என்பாள். ஆள் குறைவான நாட்களில், “இல்லக்கா, சாயந்தரம் வரைக்கும் வேலை, வர முடியாது” என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

“அதனால என்ன, பரவாயில்ல” என்பாள் அக்கா. அந்தக் குரலில் ஏமாற்றம் துளியும் இருக்காது. சீக்கிரம் போனை வைத்துவிட்டால் தேவலை என்பதுபோல அவசரமும், வீட்டுக்கு விருந்தாளி வரப்போகிறவர்களின் குதூகலமும்தான் இருக்கும். மறுநாள் யாராவது வந்தார்களா என்று மடிப்பக்கா இதுவரை கேட்டதில்லை.