ஆறு கறுப்பு ஒயர்கள்

எனக்குப் பாட வராது. இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதுவரை மேற்குத் தாம்பரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் சர்ச்சுக்குச் சொந்தமாக மைக் செட் வாங்கினார்கள். யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்ததும், “நான் பார்த்துக்கறேன்” என்று முந்திக்கொண்டேன். அசட்டுத் துணிச்சல்தான். ஆனால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது, இதுதான் என் இடம் என்று.

ஆறு மைக், ஆறு ஒயர். ஆறும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குமிழ். ஒரு மைக் மட்டும் இரைந்தால் ஆம்ப்ளிஃபயர் பின்னாலிருந்து அதன் பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி. எது அதன் பிளக் என்று தெரிய வேண்டுமே!

நான் கிண்டியில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். பெயர் ஒட்டுவதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘போதகர்’, ‘வேதபாடம்’, ‘பாடகர்’ என்று அழகாக டைப் அடித்து, நறுக்கி, மைக் பக்கத்து முனையில் செலோடேப்பால் ஒட்டினேன். ஃபைலுக்கு முதுகில் ஒரு லேபிள் போதும், அந்தப் பழக்கம். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே ஒரு மைக் ஊளையிட்டது. ஆம்ப்ளிஃபயர் பின்னால் பார்த்தால் ஆறு மொட்டை பிளக்குகள். மைக்கிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே கம்பளத்தின் ஓரமாகத் தவழ்ந்து வந்தேன். சபையே பிரசங்கத்தை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தது. வீடு வரும்வரை என் கணவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“ஒயருக்கு ரெண்டு முனை இருக்குன்னு உங்க ஆபீஸ்ல யாரும் சொல்லலியா?”

அந்தக் கோபத்தில் அன்று மத்தியானமே திரும்பிப் போய் மறு முனைக்கும் ஒட்டினேன். மழைக்காலம் வந்ததும் டேப் எல்லாம் உரிந்துவிட்டது. இனிமேல் காகிதத்தை மட்டும் நம்புவதில்லை என்று மார்க்கெட் பக்கம் ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு பாட்டில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கினேன். போதகர் மைக்குக்கு ஒரு கோடு, வேதபாடத்துக்கு இரண்டு, பாடகர்களுக்கு நாலு என்று ஆறு ஒயருக்கும் இரண்டு முனையிலும் போட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் எண்ணிவிடலாம். பார்வைக்குக் காகித லேபிளையும் கொடி மாதிரி மடித்து ஒட்டிவைத்தேன்.

கோடுகளைப் பிளக்கின் அடிப்பக்கம் போட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் சபைச் செயலாளர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நகத்தில் சாயம் பூசிய பெண்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் நாற்காலி மீதும் அவருக்கு ஒரு கண்.

“அறுப்பின் பண்டிகையில ஏதாவது கோளாறாகி ஜெபம் நின்னுச்சுன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து வெளி ஆளை வெச்சிடுவோம்மா. தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார்.

தப்பாகத்தான் நினைத்தேன்.

அந்தப் பண்டிகையில் வீட்டில் விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து படைப்போம். சர்ச் வளாகத்தில் பந்தல் போட்டு, மைக் செட்டோடு அங்கேயே ஜெபம், முடிந்ததும் ஏலம். முடிச்சூர்க் குடும்பம் ஒன்று வெள்ளாடு கொண்டுவந்திருந்தது. கட்ட இடமில்லாமல் யாரோ அதை என் மேசைக் காலில் கட்டிவிட்டார்கள். போதகர் ஜெபிக்க ஆரம்பித்தார். நானும் கண்ணை மூடினேன். பின்னால் ஏதோ சரசரக்கிறதே என்று திறந்தால், பிளக்குகளில் ஒரு லேபிள்கூட இல்லை. ஆடு நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

ஆட்டைத் திட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை. முன்னால் சாத்தி வைத்திருந்த வாழைத்தார் சரிந்து பாடகர் மைக்கின் மேல் விழுந்தது. பந்தலே அதிரும்படி இரைச்சல். செயலாளர் ஓடி வந்தார்.

“எல்லாத்தையும் புடுங்குங்கம்மா!” என்று அவரே கையை நீட்டினார்.

எல்லாவற்றையும் பிடுங்கினால் போதகர் மைக்கும் போய்விடும். அதோடு என் நாற்காலியும்.

“கைய எடுங்க சார்” என்றேன். அவரிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. ஆம்ப்ளிஃபயர் பின்னால் கையை விட்டுத் தடவினேன். இரண்டு கோடு. ஐந்து. நாலு. பிடுங்கினேன். இரைச்சல் அடங்கியது. போதகர் மூடிய கண்ணைத் திறக்காமலே ஆமென் வரைக்கும் போய்ச் சேர்ந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலைக்கனம் என்றால் தலைக்கனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

செயலாளர் பிளக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, செவப்பா?”

“நெயில் பாலிஷ் சார்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளக்கைக் கொடுத்துவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டார். ஜெபத்தைக் காப்பாற்றியும் நாற்காலி போய்விட்டதே என்று வாரம் முழுக்க மின்சார ரயிலில் உட்கார்ந்து பொருமினேன்.

ஞாயிறு காலை நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன். ஆராதனைக்குக் கொஞ்சம் முன்னால் செயலாளர் வந்து நியூஸ்பேப்பரில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். பிரித்தால் புது நெயில் பாலிஷ் பாட்டில், அதே சிவப்பு.

“யாருக்கு சார்னு கடைக்காரன் கேட்டான்” என்றார், என்னைப் பார்க்காமல். “எங்க சர்ச்சுக்குன்னு சொன்னேன்.”