இடது தோள், வலது தோள்

பட்டறை அண்ணே எனக்கு அதற்கு முன் ஒரு நாளும் போன் செய்ததில்லை. எதுவானாலும் அவர் மனைவி லெட்சுமி அக்காதான் கூப்பிடுவார். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். அன்று காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேனில் உட்கார்ந்திருந்தேன். அண்ணேயின் குரல் வந்தது. "தங்கச்சி, லெட்சுமி போயிட்டா. தூக்கத்துலயே போயிட்டா." நான் என்னண்ணே, என்னண்ணே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கேட்டதற்கு அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கோப்பெங்கில் அண்ணேயின் கார் பட்டறையைத் தெரியாதவர்கள் குறைவு. குழியில் இறங்கினால் அடியில் டொக் டொக் என்கிறதா, வேறு கடையில் அப்சோர்பர் மாற்றியும் போகவில்லையா, அண்ணேயிடம் கொண்டு போ என்போம். அவர் காரை எடுத்துக்கொண்டு பழைய ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஒரு சுற்றுப் போவார். அங்கே இப்போது எல்லாம் செம்பனை மரங்கள். அக்கா பின் சீட்டில் இருப்பார். திரும்பி வந்ததும் அண்ணே நேராக ஒரு சக்கரத்தின் அடியில் போய்ப் படுப்பார். அந்தச் சக்கரமாகத்தான் இருக்கும். அண்ணேக்குப் பாம்புக் காது என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

என் வேனில் முதல் தடவை சத்தம் வந்தபோது நானும் கூட வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். அக்கா கை வளையல்களைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டார். டின்னை என்னிடம் நீட்டி, "நீயும் கழட்டு. உன் வளையல் சத்தத்துல வண்டிச் சத்தம் கேக்காது," என்றார். வேன் கிளம்பியதும் அண்ணேயின் தோளில் கை வைத்தார். நான் சும்மா இருப்பேனா? "என்னக்கா, கட்டி இருவத்தஞ்சு வருசமாச்சு, இன்னும் தோள்ல கையா?" என்றேன். "வாய மூடிட்டு வா மாலா," என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

பட்டறைக்குப் பின்னால் வைத்து அக்கா பிறகு சொன்னார். வருஷக்கணக்காக இரும்பைத் தட்டித் தட்டி அண்ணேக்கு இரண்டு காதும் போய்விட்டது. முகத்தைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார். சத்தம் இடது சக்கரத்தில் என்றால் அக்கா இடது தோளை அழுத்துவார், வலது என்றால் வலது தோள். பின் சக்கரம் என்றால் கை முதுகுக்கு இறங்கும். "வெளிய சொல்லிறாத மாலா. காது கேக்காதவர் கடைக்கு எவன் வண்டி கொண்டாருவான்?"

வண்டிக்காரர்களிடம் அக்கா எப்போதும் ஒன்று சொல்வார்: "எங்க கேக்குதுன்னு சொல்லாதீங்க. எப்பக் கேக்குதுன்னு சொல்லுங்க." தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு வாத்தியார், பின்னால்தான், வலது பக்கம்தான் என்று சத்தியம் செய்யாத குறை. மேடு பள்ளத்தில் பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள் என்று அக்கா அனுப்பினார். மிதித்தால் சத்தம் நிற்கிறது என்று வாத்தியார் வந்து சொன்னார். முன் சக்கரத்தில் பிரேக் பேட் ஆடிக்கொண்டிருந்தது. வாத்தியார் அண்ணேயின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அக்கா தேத்தண்ணி கலக்கப் போய்விட்டார்.

அக்கா போன பிறகு பட்டறையிலிருந்து போன கார்கள் அதே சத்தத்தோடு திரும்பி வந்தன. பதினாறாம் நாள் சாப்பாட்டில், என் பக்கத்து இலையிலேயே, பொண்டாட்டியோட அவர் கையும் போச்சு என்று பேசினார்கள். நான் பாதியில் எழுந்துவிட்டேன். வாயைத் திறந்தால் அக்காவுக்குக் கொடுத்த வாக்குப் போகும். திறக்காவிட்டால் பட்டறை போகும். வேன் ஓட்டும்போதும் அதே நினைப்பு. பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகாமல் சும்மா ரோட்டைச் சுற்றினேன்.

அப்படிச் சுற்றும்போதுதான் வேனில் மறுபடியும் சத்தம் கேட்டது. அண்ணேயிடம் கொண்டுபோனேன். அவர் பின் கதவைத் திறந்துவிட்டார். அக்காவின் இடத்தில் உட்கார்ந்தேன். அதே செம்மண் ரோடு. இடது சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் லொடக் என்றது. இரண்டு சக்கரமும் சேர்ந்து பொங்கோல் என்கிற வேகத்தடை மேட்டில் ஏறினால் சத்தமே இல்லை. அண்ணே இடது தோளைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைத்திருந்தார். தெரிந்து செய்தாரா, பழக்கமா, தெரியாது. என் கை தூக்கியபடியே நின்றது. அந்தத் தோளில் வைக்க முடியவில்லை. அவர் சீட்டு முதுகின் இடது ஓரத்தில் குத்தினேன்.

வேன் நின்றது. அண்ணே அதைப் பட்டறைப் பக்கம் திருப்பினார்.

பட்டறையில் இடது முன் சக்கரத்தின் ஸ்டெபிலைசர் லிங்க் கம்பியைக் கழற்றி என்னிடம் காட்டினார். அதன் முனைக் குண்டு தேய்ந்து லொடலொடவென்று ஆடியது. நான் அவர் முகத்துக்கு நேராக நின்று, "எழுதி ஊருக்குச் சொல்லிறவா அண்ணே?" என்று கேட்டேன்.

"சொல்லு," என்றார். "இத்தன வருசம் அவளுக்குப் போக வேண்டிய பேர நான் வாங்கிக்கிட்டேன். அவ காதுதான்னு எழுது."

எழுதிவிட்டேன் அக்கா. கோபப்படாதீர்கள்.

பட்டறை திறந்திருக்கிறது. மத்தியானம் பிள்ளைகளை வீட்டில் விட்ட பிறகு நான் அங்கேதான் இருப்பேன். எனக்கு அக்காவின் காது இல்லை, இரண்டு சுற்றுப் போக வேண்டியிருக்கும். எங்கே என்று சொல்லாதீர்கள், எப்போது என்று சொல்லுங்கள். அக்காவின் பிஸ்கட் டின்னை அண்ணே என்னிடம் கொடுத்துவிட்டார். அக்காவின் வளையல்கள் அதிலேயே இருக்கின்றன. பின் சீட்டில் ஏறுமுன் அவற்றின் மேல் என் வளையல்களைக் கழற்றிப் போடுகிறேன்.